முன்பு உட்கொண்ட மருந்துகள்: இல்லை

திருவிடந்தை
17.01.2025, வெள்ளி, இரவு

மதிப்புக்குரிய டாக்டர் மேடம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அப்படிக் காட்டமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பிறகு கீழே படியுங்கள். என் அப்பாவிடம் காட்டாதீர்கள். பெரிய டாக்டர்களிடம் காட்டாதீர்கள். இதைக் கொண்டுவந்து கொடுக்கும் ஜெஸ்ஸி சிஸ்டர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாலும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நான் ஐசியூவில் ஏழாம் நம்பர் படுக்கையில் இருக்கும் சந்திரம்மாவின் மகள் கவியா. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இன்று மதியம் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேனே, அந்தப் பெண். நீங்கள் அப்பாவிடம் பச்சைச் சாயம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்து வாங்கினீர்கள். பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டீர்கள். சர்க்கரை உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா. அதற்கு அப்பா, "இன்னா மேடம், அவ மோர் குடிச்சாலே தூங்கிடுவா" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். கடைசியாக, "இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிட்டாங்களா?" என்று கேட்டீர்கள். அப்பா, "ஒண்ணியும் இல்ல மேடம். ரெண்டு நாளா ஜுரம். வேல செய்ற எடத்துல மயக்கம் போட்டு வுழுந்துட்டா, அவ்ளோதான்" என்றார். நீங்கள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டீர்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை மேடம். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஜுரம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அப்பா படூரிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார், எல்லாம் இரவு ஷிப்ட். அவர் காலையில் வந்து படுக்கும்போது அம்மா வேலைக்குப் போயிருப்பாள். அம்மா மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் லாண்டரியில் இருக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் கடற்கரைக் கோடியில். எழுந்து போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பாராம். அதனால் அம்மா காலையில் ஒரு டீ குடிப்பதோடு சரி, வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். அதனால்தான் சிறுநீரகத்தில் கிருமி வந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா பல தடவை, "அந்த வேல வாணாம், வூட்டுல இரு" என்று சண்டை போட்டிருக்கிறார். ஆனால் இந்த ஜனவரிக் கடைசியில் ஆறு பேரை நிரந்தரம் செய்யப்போகிறார்கள். பொங்கல் நாட்களில் லீவு எடுத்தால் பெயர் போய்விடும். அதனால் அம்மா ஜுரத்தோடு போனாள்.

"ஒங்கப்பா காதுல மட்டும் போட்டுடாதடி கவி. காணும் பொங்கல் கூட்டம் முடியட்டும், ரெண்டு நாள் நல்லா படுத்துக்கறேன்" என்றாள். மெடிக்கலில் போய் செட் மாத்திரை வாங்கி வரச் சொன்னாள். உங்களுக்குத் தெரியும்தானே? டாக்டர் சீட்டு இல்லாமல் போய் ஜுரம், உடம்பு வலி என்று சொன்னால், கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். ஒரு வேளைக்கு ஒரு செட். நான்தான் வாங்கினேன். தினமும் வாங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே, "பாரு, வெள்ள, மஞ்ச, ரோசு. இந்த வருசம் எனக்குக் கலர் கலரா பொங்கல் சாப்பாடு" என்று சொல்லி விழுங்கினாள். உண்மையில் மூன்று நாளாகச் சோறே இறங்கவில்லை அவளுக்கு.

வியாழக்கிழமை காணும் பொங்கலன்று ரிசார்ட்டில் விழுந்துவிட்டாள்.

மேடம், மாத்திரை வாங்கித் தந்தது நான் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் அக்கா எல்லம்மா அத்தை எங்களோடு வந்து தங்கியிருக்கிறாள். "ஜுரத்தோட இவள வேலைக்கு அனுப்புனது எவன்னு தெரியட்டும், அன்னிக்குக் கீது" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அனுப்பியது நான்தான். அத்தை தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் போன் அப்பாவிடம் ஒன்று, அம்மாவுடையது அத்தையிடம். ஐசியூவில் பத்து நிமிஷம்தான் விடுகிறார்கள், அப்போதும் அப்பா பக்கத்தில் இருப்பார். அதனால்தான் கடிதம். போகும்போது நீங்கள் என்னைப் பார்த்து, "உனக்கு ஏதாவது ஞாபகம் வந்தா எழுதி சிஸ்டர்கிட்ட குடும்மா" என்று சொன்னீர்களே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்த மாத்திரைகளால் அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வா. கவியா


18.01.2025
மாலை

அன்புள்ள கவியா,

உன் கடிதம் கிடைத்தது. யாரிடமும் காட்டவில்லை. எவ்வளவு நன்றாகத் தமிழ் எழுதுகிறாய்! பத்தாம் வகுப்பில் நான் இதில் பாதிகூட எழுதியதில்லை. மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா என்றே எழுது. எனக்கு ஊரப்பாக்கத்தில் உன் வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். அவள் என்னை வாடி போடி என்பாள். உனக்கு அந்த அளவு உரிமை கிடையாது.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கிருமி ரத்தத்தில் பரவும்போது சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகத் தளரும். மற்றவை தளர்ந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். கல்லீரல் மட்டும் வாய் திறக்காது. கண் மஞ்சளாகி, ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறி நமக்குத் தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. பச்சைச் சாயத்தைக் கொஞ்சமாக ரத்தத்தில் ஏற்றுவோம். கல்லீரல் மட்டும்தான் அதை வெளியே தள்ளும். விரலில் மாட்டிய கிளிப், ஒரு நிமிஷத்தில் எத்தனை சதவீதம் சாயம் குறைகிறது என்று காட்டும். பதினெட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. உன் அம்மாவுக்கு இன்று பதினொன்று. அதாவது கல்லீரல் களைத்திருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

மாத்திரைகளை நினைத்துப் பயப்படாதே. ஜுரம் வந்தால் ஊரில் எல்லோரும் சாப்பிடுவதுதான். அம்மாவின் கல்லீரல் களைத்ததற்குக் காரணம் கிருமி, நீ அல்ல. இதைத் திரும்பத் திரும்ப உனக்கே சொல்லிக்கொள்.

நீ என்னிடம் சொல்லிவிட்டாய், அது போதும். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், பாவம், கஷ்டத்தில் இருக்கிறார். வேறு யாராவது கேட்டாலும், ஸ்வாதி அக்காவிடம் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இரு. உன் அம்மா என் முப்பத்தொன்பதாவது நோயாளி. நாற்பது பேர் சேர்ந்தால் என் இரண்டரை வருட உழைப்பு முடியும். அதனால் தினமும் காலையில் நானே வந்து அவரைப் பார்க்கிறேன். மற்ற படுக்கைகளைவிட அதிகமாகவே பார்க்கிறேன் என்று ஜெஸ்ஸி கிண்டல் செய்கிறாள்.

தைரியமாகத் தூங்கு.

அன்புடன்,
ஸ்வாதி அக்கா


திருவிடந்தை
19.01.2025, ஞாயிறு, இரவு

அன்புள்ள ஸ்வாதி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எட்டு தடவை படித்தேன். 'காரணம் கிருமி, நீ அல்ல' என்ற வரியைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் ஐந்து நாளில் முதல்முறையாகத் தூங்கினேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் தங்கை கொடுத்து வைத்தவள்.

ஒரு சின்னக் குறை மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மாத்திரை என்று நீங்கள் கேட்கவே இல்லை. எங்கள் சயின்ஸ் டீச்சராக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். அதனால் நானே யோசித்து எழுதியிருக்கிறேன்.

மெடிக்கல் செட் ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒவ்வொரு செட்டிலும் அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது. இது தவிர, ரிசார்ட்டில் முதலுதவிப் பெட்டியிலிருந்து அம்மாவுக்கு அட்டை அட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். அது வலி மாத்திரை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நிற்க முடியாதபோதெல்லாம் இரண்டிரண்டாகப் போட்டதாக இரவில் அவளே சொல்வாள், ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது. இரவில் மூக்கு ஒழுகுகிறது என்று சளி மாத்திரை ஒன்று வேறு நான் கொடுத்தேன். அவளுடைய வேலைப் பையை இன்று அத்தை துவைக்கப் போட்டபோது அட்டைகள் விழுந்தன, நான் எடுத்து ஒளித்துக்கொண்டேன். ரிசார்ட் அட்டை மூன்று, மூன்றும் காலி. பெயர் வேறாக இருந்தாலும் செட்டில் கத்தரித்துத் தந்த வெள்ளை மாத்திரைத் துண்டு, ரிசார்ட் அட்டை, சளி மாத்திரை அட்டை மூன்றின் பின்னாலும் கீழே பொடி எழுத்தில் ஒரே பாரசிட்டமால்தான் போட்டிருக்கிறது. நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வருகிறது அக்கா. அப்படி நான்கு நாள். அம்மா நாற்பத்தொரு கிலோதான் இருப்பாள். அட்டைகளையும் ஒரு செட் உறையையும் இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பன்னிரண்டு அதிகமா?

இன்று அம்மாவின் கண்ணைத் திறந்து காட்டினார்கள். மஞ்சளாக இருந்தது. அப்பா வெளியே வந்து, "இன்னாடி, மஞ்சத் தண்ணி ஊத்துன மாரி கீது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி ஓட்டாமல் மூன்று நாளாக உங்கள் ஆஸ்பத்திரி ஹாலிலேயே இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்த, வேல வெட்டி இல்லியா?" என்று கேட்டதற்கு, "இப்ப இதான் வேல" என்றாராம்.

எங்கள் தெருவில் இன்றும் ஒரே கூட்டம். கல்யாணம் ஆகவேண்டும் என்று கழுத்தில் மாலையோடு கோயிலைச் சுற்ற வருகிறவர்கள். அத்தை வாசலில் நின்று, "இதுங்க கட்டிக்கினு இன்னா சுகத்தக் காணப் போவுதுங்க? எந்தம்பி கட்டிக்கினவ ஒருத்தி போதாதா" என்று உரக்கச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. நீங்கள் பேசாமல் இருக்கச் சொன்னதால் இருந்துவிட்டேன்.

அம்மா காதில், உன் பேரு நிரந்தர லிஸ்டில் வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். கேட்டிருக்குமா?

உங்கள் அன்புத் தங்கை,
கவியா


20.01.2025

அன்புள்ள கவியா,

அவசரமாக எழுதுகிறேன், இன்று மூன்று அட்மிஷன்.

நீ அனுப்பியது வந்தது. அட்டைகள் என்னிடமே இருக்கட்டும். மாத்திரைக் கணக்கை இத்தோடு விட்டுவிடு. நோயாளி எப்போது எதைப் போட்டார் என்று வீட்டில் இருப்பவர்கள் கூட்டிச் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்காது. ஜுரம் இந்தக் கிருமியால் வந்ததுதான், அதற்கான மருந்து போய்க்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தம் குறைந்திருந்ததால் கல்லீரலுக்கு ரத்தம் போதவில்லை. அதுதான் மஞ்சள். இன்று சாயப் பரிசோதனை எட்டு.

எட்டு என்றால் என்ன என்று யாரிடமும் கேட்டுக்கொண்டு திரியாதே. எண்கள் ஏறும், இறங்கும். நாற்பதாவது நோயாளி நேற்றிரவு சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அட்டவணையை என் பேராசிரியரிடம் ஒப்படைக்கிறேன். அதன் பிறகு உனக்கு நீளமாக எழுதுகிறேன்.

கணக்குப் பாடம் படி. மார்ச்சில் தேர்வு இருக்கிறது, மறந்துவிடாதே.

அக்கா


திருவிடந்தை
22.01.2025, புதன், இரவு

டாக்டர் ஸ்வாதி அவர்களுக்கு,

இதை ஜெஸ்ஸி சிஸ்டரிடம் கொடுத்து அனுப்பப் போவதில்லை. காலையில் நானே உங்கள் கையில் கொடுப்பேன்.

இன்று நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வருவதற்கு முன்பு என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு ஐசியூவிலிருந்து டாக்டர் ஜெரோம் வெளியே வந்தார். லீவில் இருந்து இன்றுதான் வந்தாராம். அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இதுவரை எந்த டாக்டரும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

"அண்ணே, ஈரல் டெஸ்ட் எல்லாம் ஆயிரக்கணக்குல போவுது. கிருமியால மட்டும் இவ்ளோ போறது கஷ்டம். எனக்கு ஒரு சந்தேகம். நாட்டு மருந்து, ஜுர மாத்திர, எதுனா நெறைய எடுத்தாங்களா? ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டோம். மாத்திரன்னா அதுக்கு முறிவு மருந்து இருக்கு. கீழ ஸ்டோர்லயே இருக்கு. இப்பவே ஏத்தலாம்" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். என் தலையில் கையை வைத்தார். "சார், எம் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன். ஒண்ணியும் கெடையாது சார். இருந்தா சொல்ல மாட்டனா?"

அவர் கை என் தலையில் இருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? டாக்டர் ஜெரோம் சும்மா உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஸ்வாதி அக்காவிடம் சொல்லியாயிற்று, அக்கா எழுதியிருப்பார், அது வேண்டிய இடத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தானே நினைத்துக்கொள்ளச் சொன்னீர்கள்? டாக்டர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் 'முறிவு மருந்து' என்ற சொல் என்னை விடவில்லை. அப்படி ஒன்று இருப்பதை நீங்கள் சொல்லவே இல்லையே. ஜெஸ்ஸி சிஸ்டர் மருந்து டிரேயோடு வெளியே வந்தபோது கூடவே நடந்து போய்க் கேட்டேன். "சிஸ்டர், எங்கம்மா பேப்பர்ல மாத்திரை பத்தி என்ன எழுதியிருக்கு?"

"உனக்கு எதுக்கு பாப்பா அதெல்லாம்?" என்றார். நான் கெஞ்சினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "முன்பு உட்கொண்ட மருந்துகள்: இல்லை. இதான் கீது. எல்லாத் தாள்லயும் அதேதான்."

"நான் ஸ்வாதி அக்காகிட்ட சொன்னேனே சிஸ்டர்."

"என்ன சொன்ன?"

சொன்னேன். அவர் டிரேயை ஜன்னல் திட்டில் வைத்தார். அப்புறம், என்னிடம் சொல்கிறோம் என்று நினைக்காமல் தனக்குள் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார். "அதை எழுதினா தீசிஸ்லருந்து உங்கம்மாவ எடுத்துடணுமே. ஈரலக் கெடுக்கிற மாத்திர சாப்ட்டவங்கள அதுல சேக்கக் கூடாது. ரூலு. அதுக்குன்னுதான் அந்தக் கேள்வியே வச்சிருக்காங்க."

நான் அந்தக் கேள்வி அம்மாவைக் காப்பாற்றுவதற்கு என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் ஜெரோமைத் தேடி ஓடினேன். ஐசியூ வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் அப்பாவோடு நின்றிருந்தார். அப்பா எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். செட், அட்டை, சளி மாத்திரை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. உங்களுக்கு எழுதியதையும் சொன்னேன். டாக்டர் ஜெரோம் என்னைத் திட்டவில்லை. "எப்ப எழுதிக் குடுத்த?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். உடனே உள்ளே பார்த்துக் கத்தினார். கால் மணி நேரத்தில் மருந்து பாட்டில் ஏறிவிட்டது. கால் மணி நேர வேலைதான் அது.

அப்பா அடிப்பார் என்று ஐந்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் அடிக்கவில்லை. செருப்புகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உன் தலையில கை வச்சு சத்தியம் பண்ணண்டி. நீ பாத்துகினுதான நின்ன?" என்றார். அடித்திருந்தால் தேவலை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். டாக்டர் ஜெரோம் உங்களை உள்ளே கூப்பிட்டுப் பேசியதும், உங்கள் கையில் என் கடிதம் இருந்ததும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் நீங்கள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "நீதானே கவியா, யார்கிட்டயும் காட்டாதீங்கன்னு எழுதின?"

ஆமாம், நான்தான் எழுதினேன். அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்குப் பயந்து, அத்தைக்குப் பயந்து, குளியலறையில் உட்கார்ந்து எழுதினேன். காட்டாதீர்கள் என்றுதான் எழுதுவேன், வேறு எப்படி எழுதுவேன்? படித்ததும் கிழித்துவிடச் சொன்னேன். எழுந்து வந்து என் காதைத் திருகி, "முட்டாளே, இது உன் அம்மாவின் உயிர்" என்று அப்பா எதிரில் என்னைப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டாமா நீங்கள்? நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெஞ்சியிருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சர்கூட என் பேச்சைக் கேட்டதில்லை. நீங்கள் ஒருவர்தான் சொன்னதை அப்படியே செய்தீர்கள்.

அதுவும் முழுதாகச் செய்யவில்லை. கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். என் கூட்டல் சரியாக இருக்காது என்றீர்கள். நான் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்குகிறவள்.

உங்களைக் கெட்டவர் என்று நினைக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தினமும் அம்மாவை வந்து பார்த்தீர்கள். அவள் நெற்றியில் கைவைத்து, "சந்திரம்மா, கேக்குதா?" என்று நீங்கள் கூப்பிட்டதை நானே பார்த்தேன். உங்கள் இயந்திரம் மற்ற எல்லோருக்கும் முன்னால் அவள் கல்லீரல் தளர்வதை உங்களுக்குக் காட்டியது. பதினொன்று, எட்டு, இன்று ஐந்து. ஐந்து என்றால் என்ன என்று டாக்டர் ஜெரோமிடம் கேட்டேன், அவர் மறைக்காமல் சொன்னார். மூன்று நாள் முன்னாலேயே தெரிந்துகொள்வதற்காகத்தானே அந்தச் சாயம்? தெரிந்துகொண்டு மூன்று நாளும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சாயங்காலம் அப்பா டாக்டர் ஜெரோமிடம், "பொயச்சிக்குவாளா சார்?" என்று கேட்டார். "சனிக்கிழமையே ஏத்தியிருந்தா நான் தைரியமா பதில் சொல்லியிருப்பேண்ணே" என்றார் அவர். அப்பா தலையாட்டினார். என்னையும் அத்தையையும் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "காலைல ஆறு மணிக்கு அம்மாவோட துணி எடுத்துகினு வா. அதுவரிக்கும் நான் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்" என்றார். அத்தையிடம் என்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். நான் செய்தது தெரிந்திருந்தால் சாய்ந்திருப்பாளா தெரியாது.

அம்மாவின் நீலப் புடவையை மடித்து வைத்துவிட்டேன். சீப்பு, எண்ணெய், அவளுடைய ரிசார்ட் அடையாள அட்டை எல்லாம் பையில் இருக்கிறது. கண் விழித்தால் முதலில் அதைத்தான் தேடுவாள்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. மன்னிப்பு எல்லாம் எனக்கு வேண்டாம், அதைக் கேட்காதீர்கள். நான்தான் முதல் தப்பு செய்தவள், எனக்கே யார் மன்னிப்பு கொடுப்பது என்று தெரியவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை ஒப்படைக்கப் போகும் அட்டவணையில் முப்பத்தொன்பதாவது வரி இருக்குமா, எடுத்துவிடுவீர்களா? இருந்தால் அதில் அந்த மாத்திரைக் கட்டத்துக்கு நேரே என்ன எழுதுவீர்கள்? எடுத்துவிட்டால், அம்மாவின் பதினொன்று, எட்டு, ஐந்து எங்கே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை. அத்தை எழுந்து, "யாரது?" என்கிறாள். பதில் இல்லை, மறுபடியும் தட்டுகிறார்கள். இப்போது என் பெயர் கேட்கிறது. அப்பாவின் குரல். இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றவர்